கையில் வளர்ந்தவை

அந்த ஏரியில் அருகிப்போன காட்டு வாத்துகளின் முட்டைகளை எடுத்துவந்து, பொரிக்கவைத்து, குஞ்சுகளுக்குத் தன் கையாலேயே இரை ஊட்டி வளர்த்தவள் கால்நடை மருத்துவர் தமயந்தி. இறகு முற்றியதும் காலில் வளையமிட்டு ஏரியில் விட்டபோது அழுதுவிட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், புறவழிச்சாலை வறுவல் கடையின் குப்பையில் அந்த வளையங்கள் கிடந்தன.

"எப்படிய்யா பிடிச்சே?" என்று கடைக்காரர் மாசானத்தின் சட்டையைப் பற்றி உலுக்கினாள்.

"நான் எங்க மேடம் பிடிச்சேன்? கரையில போய் நின்னேன். அதுகளா ஓடிவந்து காலைச் சுத்துச்சு. காட்டு வாத்துன்னா மனுசனக் கண்டதும் பறந்துரும்லா? இதுகளுக்கு அத யாரும் சொல்லிக்குடுக்கல போல."

அவரைக் காவலர்கள் கூட்டிப்போனதும் தமயந்தி ஏரிக்கு ஓடினாள். மிச்சமிருந்த வாத்துகள் அவளைப் பார்த்ததும் கத்திக்கொண்டே நீந்தி வந்தன.

"போங்க! மனுசங்ககிட்ட வராதீங்க!"

அவை இன்னும் நெருங்கின. அவள் ஒரு கல்லை எடுத்து அவற்றின் முன்னால் வீசினாள். இரை என்று நினைத்து, கல் விழுந்த இடத்தில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முக்குளித்தன.

அடுத்த கல்லை அவள் குறிபார்த்து எறிந்தாள்.