ஈயக் குதிரைக்கு நல்ல காற்று

"சார், உங்க வீட்டம்மா இன்னைக்கும் வந்துட்டாங்க."

காவலாளி சொன்னதும் மூக்கு சாருக்குச் சுருக்கென்றது. அருங்காட்சியகத்தின் உலோகக் கூடம் அவர் பொறுப்பு. யாராவது சென்ட் பூசிக்கொண்டு வந்தாலே மோப்பம் பிடித்து வெளியே அனுப்பிவிடுவார். அதனால் வந்த பெயர்.

போய்ப் பார்த்தார். ஈயக் குதிரை நின்ற கண்ணாடிப் பெட்டிக்கு எதிர் பெஞ்சில், கைப்பையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் மனைவி.

"எந்திரி, எந்திரி! மானம் போகுது. வீட்டுல கட்டில் இல்லையா, மெத்தை இல்லையா?"

"இருக்கு. தூக்கம்தான் இல்லை. அங்க படுத்தாலே கண்ணு எரியுது, இருமல் பிச்சுக்கிட்டு வருது. இங்க வந்தா ஒண்ணுமே இல்லைங்க."

"டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார். எல்லாம் உன் மனப்பிரமை."

"மனப்பிரமை இப்படியா விடிய விடிய இருமும்?"

காவலாளி சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் இயக்குநர் ஒரு விருந்தாளி அம்மாவோடு உள்ளே வந்துவிட்டார். மனைவி பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவர்தான் நம்ம குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர். சொல்லுங்க சார்!"

மூக்கு சார் முகம் மலர்ந்தது. "போன வருஷம் புதுசா ஒரு பலகைப் பெட்டி செஞ்சு அதுக்குள்ள வெச்சோம் மேடம். சில மாசத்துல உடம்பெல்லாம் வெள்ளையாப் பொடி பூத்துடுச்சு. கால் ஒடியற நிலைமை. எல்லாரும் ஈயத்தைக் குறை சொன்னாங்க. நான் பெட்டியை மோந்து பார்த்தேன். மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை. மூடின இடத்துல அந்தப் பசை விடற ஆவி இருக்கே, விஷம்! உலோகமே தாங்கலைன்னா பார்த்துக்குங்க. அன்னைக்கே பிரிச்சுட்டேன். இப்போ வெறும் கண்ணாடியும் இரும்புச் சட்டமும். காத்தைக்கூடச் சுத்தம் பண்ணித்தான் உள்ளே விடறோம்."

"வாய் விட்டுச் சொல்ல முடியாததுமேல எவ்வளவு அக்கறை உங்களுக்கு!" என்று நெகிழ்ந்துபோனாள் விருந்தாளி. "ஆமா, அந்தப் பலகையையெல்லாம் என்ன பண்ணினீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

மூக்கு சார் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

மனைவி படக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயையோ, வீணாக்குவாரா? அத்தனையும் புதுப் பலகையாச்சேன்னு எங்க படுக்கையறைக்குக் கொண்டுவந்து, என் தலைமாட்டுலதான் அலமாரியா அடிச்சுக் கொடுத்திருக்காருங்க!"