ஆட்டுத்தலை யார் பக்கம்

தட்டு வந்துவிட்டது.

ரைகுல் இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து கணவர் முன் வைத்தாள். வெந்த ஆட்டுத்தலை. ஆவி பறந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தர்கானைப் பார்த்தார்.

புது கோட்டு. அதே சிரிப்பு.

அன்று காலையில் தலைநகர் அஸ்தானாவின் பெரிய அலுவலகம் ஒன்றில் அவரை உட்கார வைத்தார்கள். தேநீர்கூடக் கொடுக்கவில்லை. கசாக் வீட்டில் எதிரிக்கே தேநீர் உண்டு. அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

“பெரியவர் தன் நிழலைப் பார்த்தே மிரள்கிறார். அப்படிச் சொன்னீர்களாமே?” என்று கேட்டார் அதிகாரி. பெரியவர் என்றால் அதிபர்.

சொன்னார்தான். வார்த்தை மாறாமல் அப்படியேதான் சொன்னார். போன மாதம், ஓடும் காரில். உள்ளே மூன்றே பேர். அவர், தர்கான், டிரைவர்.

தூதர் பதவி போயிற்று. மாவட்டக் கமிட்டி எழுத்தராகத் தொடங்கி, மேயராகி, மந்திரியாகி, நாடு புதிதாகப் பிறந்தபோது தூதராகப் போன வெளிநாட்டில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் முதல் கொடியை ஏற்றியவர் அவர். கம்பம் கிடைக்காமல் துடைப்பக் கட்டையில் கட்டினார். அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் தர்கான். அன்று வெறும் மொழிபெயர்ப்பாளன். மாற்றுச் சட்டை கிடையாது. அவருடைய சட்டையைத்தான் போட்டிருந்தான்.

மதியம் தொலைக்காட்சியில் புதிய தூதரின் பெயரைச் சொன்னார்கள்.

தர்கான்.

அதனால் என்ன? யாரோ ஒருவன் வரத்தானே வேண்டும். நம் பிள்ளை வந்தால் நல்லதுதானே. பகல் முழுக்கத் தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிரைவர் சொல்லியிருப்பான்.

கடவுளே, டிரைவராக இருக்கட்டும்.

அந்த டிரைவருக்கு இரண்டு காதும் மந்தம். முகவரியைக் கத்திச் சொன்னால்தான் வண்டியே நகரும். இருந்தாலும் அவர் அவனையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரவு விருந்தை ரத்து செய்யலாமா என்று ரைகுல் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டார். பழைய சகாக்கள் இருவர் வந்திருந்தார்கள். தர்கானும் வந்திருந்தான். வாசலிலேயே கட்டிப்பிடித்து, “நானே எதிர்பார்க்கலப்பா” என்றான்.

இப்போது தட்டு.

தகப்பன் உயிரோடு இருக்கிறவன் ஆட்டுத்தலையில் கத்தி வைக்கக் கூடாது. கசாக்குகளுக்கு இது சட்டத்தைவிடப் பெரிது. தர்கானைப் பெற்றவர் அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே சுரங்க விபத்தில் போய்விட்டார். அவன் தாராளமாக வெட்டலாம்.

ஆனால் வெட்டியதில்லை.

ஒவ்வொரு விருந்திலும் அவர் விளையாட்டாகத் தட்டை அவன் பக்கம் திருப்புவார். அவன் நெஞ்சில் கை வைத்துத் திருப்பி விடுவான். “எங்கப்பா இதோ உக்காந்திருக்காரே. நான் எப்படித் தொடுவேன்?” மேஜையே சிரிக்கும். ரைகுல் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிள்ளை இல்லாத வீடு அது.

அவர் தட்டைத் திருப்பினார்.

மெதுவாக. ஆட்டின் மூக்கு தர்கானைப் பார்க்கும் வரைக்கும்.

மறுத்துவிடடா. ஒரே ஒரு தடவை. உன்னைச் சந்தேகப்பட்டதற்காக உன் காலில்கூட விழுகிறேன்.

“தூதரே, எடுங்க!” என்றார் சகாக்களில் ஒருவர். மற்றவர் கைதட்டினார்.

தர்கானின் கை மேலே எழுந்தது.

நெஞ்சுக்குப் போகவில்லை.

கத்தியை எடுத்தது.

அவன் யோசிக்கக்கூட இல்லை. அதுதான் அவருக்கு ஆறவில்லை. கொஞ்சம் தயங்கியிருந்தால், நடித்திருந்தால்கூட, நடிப்பையாவது தனக்காகச் செய்தானே என்று வைத்துக்கொண்டிருப்பார். பாவி, பசித்தவன் ரொட்டியை எடுப்பதுபோல் எடுத்துவிட்டான்.

கன்னத்துச் சதையை அழகாக அறுத்தான். அந்த அறுப்பைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். முதல் துண்டை அவரிடமே நீட்டினான்.

“எடுத்துக்குங்கப்பா.”

அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். சூடாக இருந்தது.

“உங்கப்பா எப்பப்பா செத்தாரு?” என்று கேட்டார்.

ரைகுல் சிரித்துவிட்டாள். “என்ன கேள்வி இது? அவருதான் எப்பவோ, இவன் கைக்குழந்தையா இருக்கும்போதே...”

அவள் பார்வை தர்கானின் கையில் இருந்த கத்திக்குப் போயிற்று.

பாதியில் நிறுத்தினாள்.

சகாக்கள் தட்டைப் பார்த்தார்கள். தர்கான் கத்தியைக் கீழே வைக்க இடம் தேடினான்.

அவர் துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“நல்லா வெந்திருக்கு” என்றார் ரைகுலிடம். “எல்லாருக்கும் வை.”