தொழில் நெறியில் பூஜ்யம்

“மூணாவது தடவை! மூணாவது தடவையா வெள்ளைப் பேப்பர் கொடுத்துட்டு வந்து நிக்குறே. வெட்கமா இல்லை?”

பிரின்சிபால் மேஜையைத் தட்டிய தட்டில் என் பேனா உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன். நான் ஆபீஸ் கிளார்க். விசாரணை என்றால் ஒரு வார்த்தை விடாமல் எழுதுவது என் வேலை.

எதிரே நின்றவனுக்கு ரெஜிஸ்டரில் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் எங்கள் சட்டக் கல்லூரி முழுக்க அவன் ‘நிரந்தரம்’தான். வாத்தியார்கள் மாறுவார்கள், நாற்காலிகூட மாறும், அவன் மட்டும் மாற மாட்டான். மூன்று வருஷப் படிப்பில் இது அவனுக்கு ஐந்தாவது வருஷம்.

மக்கு என்றாலாவது மனசு ஆறும். மற்ற பேப்பர் எல்லாம் முதல் வகுப்பு! ஒரே ஒரு பேப்பரில் மட்டும் நம்பரை எழுதி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவான். அதுவும் எந்தப் பேப்பர்? தொழில் நெறி. வக்கீலானவன் ஒழுங்காக நடந்துகொள்வது எப்படி என்கிற பாடம்!

“பதில் தெரியலையா?”

“தெரியும் சார்.”

“பின்னே ஏன் எழுதலை?”

“சொல்ல முடியாது சார்.”

“சொல்ல முடியாதா, சொல்ல மாட்டியா?”

“மாட்டேன்.”

அப்படியே எழுதிக்கொண்டேன். கொழுப்பைப் பாருங்கள்! என் மகள் இந்தக் கல்லூரியில் சீட் கிடைக்காமல் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். இவன் என்னடாவென்றால் வாடகை வீடு மாதிரி குடியிருக்கிறான்.

பிரின்சிபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டப் படிப்புக்கு இரண்டு வருஷம் தாராளம், மூன்றாவது வருஷம் தண்டம் என்று மேலிடத்துக்கு மனு மேல் மனு போடுகிற மனிதர் அவர்.

“ரெண்டு வருஷத்துல முடிக்க வேண்டியதை மூணு வருஷமா இழுக்குறோமேன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டிருக்கேன். உனக்கு எத்தனை வருஷம்தான்டா வேணும்?”

“அது என் கையில இல்லை சார். உங்க கையிலயும் இல்லை.”

“அடேங்கப்பா! பின்னே யார் கையில இருக்கு?”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “சார், பதினோரு மணிக்கு எனக்குக் கோர்ட்ல வேலை இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சீங்கன்னா...”

எனக்கே கை பரபரத்தது.

பக்கத்தில் பேராசிரியை மேடம். கல்லூரியின் இலவச சட்ட உதவி மையம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அவர் அங்கே போய் நான் பார்த்ததில்லை. ஃபைல்கள்தான் அவரைத் தேடி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்.

“காரணம் எனக்குத் தெரியும் சார்” என்றார் மேடம். “மூணு வருஷமா மையமே கதின்னு கிடக்குறான். அங்க கேஸ் பார்க்கணும்னா மாணவனா இருக்கணும். பாஸாயிட்டா ஃபைலை அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்துட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். வக்கீல் வேஷத்துல ருசி கண்டுட்டான், அவ்வளவுதான்.”

“ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுமாம்!” என்றார் பிரின்சிபால். “அதானா விஷயம்?”

“மையத்துக்கு வர்றவங்க விஷயத்தை வெளியில பேசக் கூடாது சார். தொழில் நெறி, மூணாவது பாடம்” என்றான் அவன்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார்.

“நீக்க உத்தரவு ரெடியாம்மா?”

நேற்றே டைப் பண்ணி வைத்தாயிற்று. விசாரணைதான் இன்றைக்கு. சட்டக் கல்லூரி அல்லவா!

பிரின்சிபால் பேனாவைத் திறந்தார். “கையெழுத்துப் போட்டேன்னா அஞ்சு வருஷப் படிப்பும் போச்சு, டிகிரியும் போச்சு. உன்னைப் பெத்தவங்களை நெனச்சாவது வாயைத் திற.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலை மட்டும் குனியவில்லை.

“மாட்டேன் சார்.”

அப்போதுதான் கதவு திறந்தது. நாற்பது வயசிருக்கும், கழுத்தில் ஏதோ தையல் கம்பெனியின் அடையாள அட்டை தொங்க, ஒரு பெண் உள்ளே வந்தாள்.

“யாரும்மா நீங்க? வெளியில இருங்க!”

“வெளியில பெஞ்சுலதான் சார் உட்கார்ந்திருந்தேன். தம்பியோட கோர்ட்டுக்குப் போகணும். நீங்க போட்ட சத்தத்துல எல்லாம் காதுல விழுந்துச்சு.” அவன் பக்கம் திரும்பினாள். “ஏன்டா, ‘இன்னும் ஒரு பேப்பர் பாக்கி இருக்குக்கா’ன்னு வருஷா வருஷம் சொல்லுவியே! நான் உன்னை மக்குப் புள்ளைன்னுல்ல நெனச்சேன்? அடப்பாவி!”

“அக்கா, வேணாம்கா. நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாங்க, போயிடலாம்.”

“நீ சும்மா இரு தம்பி.”

காலி நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“எழுதிக்கம்மா. அஞ்சாவது தடவையா சொல்றேன். எங்க கம்பெனி மேனேஜர் எங்கிட்ட தப்பா நடந்துக்கிட்டதுக்குத்தான் கேஸ். உங்க மையத்துல வருஷத்துக்கு ஒரு புள்ள மாறும். வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அவன் எங்க கை வச்சான், நான் என்ன உடுத்தியிருந்தேன்னு முதல்லேருந்து சொல்லணும். நாலாவதா இந்தத் தம்பிகிட்ட சொல்லி முடிச்சப்ப, ‘எனக்குக் கேஸே வேணாம், இனிமே செத்தாலும் இதை இன்னொருத்தர்கிட்ட என் வாயால சொல்ல மாட்டேன்’னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். அந்த வருஷம்தான் இந்தப் புள்ள முதல் தடவையா ஃபெயிலாச்சு.”