சுவரிலிருந்து மூன்றடி

"சுவர்லேர்ந்து மூணடி. ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் பாட்டு கெட்டுப் போயிடும்."

டேப்பால் அளந்துகொண்டே வீட்டுக்காரர் சொன்னார்.

முந்தாநாள் வாங்கிய ஸ்பீக்கர் இரண்டும் ஹால் நடுவே, உட்கார இடம் கிடைக்காத விருந்தாளிகள் மாதிரி நின்றிருந்தன. சோபா, பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாமே சுவரை விட்டு நடுவுக்கு வந்திருந்தன. நாலு சுவரும் மொட்டையாக இருந்தன.

நான் ஆடியோ கடை மெக்கானிக். தரையில் கிடந்த ஸ்பீக்கர் வயரைக் கூரையோரமாக மாற்றி இழுக்கக் கூப்பிட்டிருந்தார். ஒரு துண்டு வயர்கூடத் தரையில் போகக் கூடாது என்று போனிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தார்.

அன்று ஊரிலிருந்து வந்த அவருடைய அக்கா, வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா இது? வீடா, கோடவுனா?"

"சவுண்டுக்காகக்கா. சுவரோரமா சாமான் இருந்தா சத்தம் சிதறும்."

"பெத்த அப்பாவை மூலையில உட்கார வச்சுட்டு, நடு வீட்டுல ரெண்டு பெட்டிக்குச் சிம்மாசனமா?"

மூலை நாற்காலியிலிருந்த பெரியவர் சும்மா இருப்பாரா?

"நல்லாக் கேளும்மா. ஜன்னல்ல ரேடியோவை வச்சு நாப்பது வருஷம் பாட்டு கேட்டேன். என் காது என்ன அறுந்தா விழுந்துடுச்சு? இவன் காதுக்கு மட்டும் மூணடி வேணுமாம்!"

"நீங்க துணிமணியை எடுத்து வைங்கப்பா. என்கூட வந்துடுங்க. இவன் இந்தப் பெட்டிங்களோட குடும்பம் நடத்தட்டும்."

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் டேப்பைக் கீழே வைக்கவில்லை.

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த மாடல் எனக்கு அத்துப்படி. பின்பக்கம் துளை இல்லாத மூடிய பெட்டி. சுவரோடு ஒட்டி வைப்பதற்கென்றே செய்தது. சுவர்தான் அதற்குப் பாதி பலம். தள்ளி வைத்தால் அடிக்குரல் எடுபடாமல், பட்டினி கிடந்தவன் மாதிரிப் பாடும். காசைக் கொட்டி வாங்கிவிட்டு, தெரியாத்தனமாக நடு வீட்டில் நிறுத்தியிருக்கிறார். அதற்காக அப்பாவே வீட்டை விட்டுப் போனாலும் பரவாயில்லையாம்!

"தொழில் தெரிஞ்சவர், நீங்களே சொல்லுங்க தம்பி," என்றார் அக்கா. "மூணடி தள்ளித்தான் வைக்கணுமா?"

"இல்லம்மா, உண்மையில இதை..."

"ஏணி பின்பக்கம் இருக்கு, வாங்க எடுத்துக்கலாம்!" வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கொல்லைக் கதவைச் சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் தெரியுங்க. ஒட்டித்தான் வைக்கணும். கூட வந்த புத்தகத்துல போட்டிருக்கான்."

"அப்புறம் ஏன் சார்?"

"அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் போயிக்கிட்டிருக்கு. இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். யாராவது கையைப் பிடிச்சா உதறிடுவார். சுவரைத் தடவிக்கிட்டே நடக்கிறார். போன மாசம் பீரோவுல இடிச்சு நெத்தியெல்லாம் வீக்கம். சாமானை நகர்த்திடட்டுமான்னு கேட்டேன். 'எனக்காக ஒரு நாற்காலி நகர்ந்தாலும் அன்னிக்கே முதியோர் இல்லத்துக்குப் போயிடுவேன்'னுட்டார்."

"ஸ்பீக்கருக்காக நகர்ந்தா?"

"என்னைத் திட்டுவார். அவ்வளவுதானே?"

ஏணியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, இருவருமாக ஹாலுக்குத் திரும்பினோம்.

"மூணடி கட்டாயம் வேணும்மா," என்றேன் அக்காவிடம். "நாலடி இருந்தா இன்னும் விசேஷம்."

என் இத்தனை வருஷத் தொழிலில் தெரிந்தே சொன்ன முதல் தப்பு அதுதான்.

"சரியாப் போச்சு! நீங்களும் அவன் கட்சியா?" அக்கா அப்பாவிடம் திரும்பினார். "இதுக்கு மேலயும் இங்க இருக்கப் போறீங்களா? கிளம்புங்கப்பா."

வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தார். பெரியவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"நானும் வந்துட்டா இவனைத் திட்ட ஆள் வேணாமா? இருக்கேன், விடு."

வயரைக் கூரையோரமாக இழுத்து, ஆணி அடித்து முடிக்க இரண்டு மணி நேரமானது. அக்காவும் தம்பியும் சமையலறையில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் தோளில் மாட்டியபோது பெரியவர் எழுந்தார். உள்ளங்கை சுவரைத் தடவ, எதிலும் இடிக்காமல், நிமிர்ந்த நடையோடு வாசல்வரை வந்தார். அவரே தாழ்ப்பாளைத் தேடித் திறந்துவிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். சுவரோட ஒட்டி வச்சாத்தானே இது ஒழுங்காப் பாடும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படிங்கய்யா...?"

"கண்ணுதானே போச்சு, காது இருக்கே. முந்தாநாள் ஒரு பாட்டு போட்டுக் காட்டினான். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது பாட்டுக்காகச் செஞ்ச வேலை இல்லைன்னு."

"அப்புறமும் அவரை இந்தத் திட்டு திட்டறீங்களே?"

பெரியவர் சமையலறைப் பக்கம் காதைத் திருப்பி, மகன் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"திட்டறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடுமே தம்பி!"