ஒரு புகார்கூட வரவில்லை

"யார் மிரட்டினாங்க உங்களை? பயப்படாம சொல்லுங்க, நான் கேக்கறேன்!"

சங்கக் கூட்ட அறையில் அவள் போட்ட சத்தத்தில் நாற்பது வீட்டுக்காரர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதிரே இருந்த செயலாளர் மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செயலாளர் அந்நியர் இல்லை. அவளுடைய மாமனாரின் தம்பி. "எங்க வீட்டு மருமக பண்ணின ஆப்" என்று மாடி மாடியாக ஏறி இறங்கிப் பீற்றிக்கொண்ட சின்ன மாமா.

குழாய் ஒழுகினாலோ லிஃப்ட் நின்றாலோ குடியிருப்பவர்கள் அந்தச் செயலியில் புகார் எழுத வேண்டும். அது நேரே செயலாளரின் கைப்பேசிக்குப் போய்விடும். மூன்று மாதச் சோதனை இன்றோடு முடிகிறது. இந்தக் கூட்டம் தலையாட்டினால் பக்கத்திலுள்ள ஆறு கட்டடங்களும் அதையே எடுத்துக்கொள்ளும். கை நிறையச் சம்பளத்தை உதறிவிட்டு இரண்டு வருடம் தனி ஆளாக மல்லுக்கட்டியவளுக்கு இது வாழ்வா சாவா.

"மூணு மாசத்துல எனக்கு ஒரு புகார்கூட வரல," என்றார் சின்ன மாமா. "இவங்க என்னடான்னா எழுதினேன் எழுதினேன்னு என் சட்டையைப் பிடிக்கறாங்க. உன் ஆப்ல ஏதோ ஓட்டை இருக்கும்மா. பேசாம லிஃப்ட் பக்கத்துல ஒரு நோட்டைத் தொங்க விட்டுடலாம்."

நோட்டா! அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

அவள் யோசிக்காமல் வைத்த பொத்தான் ஒன்றுகூட அதில் கிடையாது. புகைப்படம் எடுக்க ஒரு கேமரா படம், அனுப்ப ஒரு காகித ராக்கெட் படம். எழுதியதை அழிக்க மட்டும் படம் வேண்டாம், யாராவது தெரியாத்தனமாகத் தொட்டுவிடுவார்கள் என்று பெரிய எழுத்தில் தமிழிலேயே வைத்தாள். தமிழில் தட்டச்சு வராததால் அதைக் கைப்பேசியிடம் வாயால் சொல்லி எழுதவைத்தாள். அதற்கு மேலும் 'உறுதியா?' என்று ஒரு கேள்வி. இத்தனைக்கும் பிறகு ஓட்டையாம்!

மடிக்கணினியைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே வைத்தாள்.

"பாருங்க மாமா. இருநூத்திப் பன்னெண்டு புகார் எளுதியிருக்காங்க. ஒண்ணு விடாம அவங்கவங்களே அளிச்சிருக்காங்க. 'உறுதியா?'ன்னு கேட்டதுக்கு 'ஆமா'ன்னு வேற சொல்லியிருக்காங்க. யாரும் மிரட்டாம இது நடக்குமா?"

"என்னைச் சொல்றியா?"

"வேற யாரு? புகார் வந்தா ஆள் வச்சுச் சரி பண்ணணும். வரலைன்னா நிம்மதியாத் தூங்கலாம்!"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. பாவம், சின்ன மாமாவுக்காகப் பேச மூன்றாம் மாடி அம்மாதான் எழுந்தார்.

"போதும் நிறுத்தும்மா! அவர் யாரையும் மிரட்டல. என் சமையலறை மூணு மாசமா ஒழுகுது. பாத்திரம் வச்சுப் பிடிச்சுப் பிடிச்சு இடுப்பு போச்சு. பதினோரு தடவை எழுதினேன்."

"எளுதினீங்க, சரி. எளுதிட்டு ஏன் அளிச்சீங்க?"

"ஏன் அளிச்சேனா? ஒழுகுதுன்னுதான் அளிச்சேன்!"

"கேட்டீங்களா மாமா? வாயாலேயே ஒத்துக்கறாங்க!"

"இதுல ஒத்துக்க என்ன இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எகிறினார். "லிஃப்டுக்காக நானும்தான் அளிச்சேன்."

"நாங்களும் அளிச்சோம்!" நாலாபக்கமும் குரல்கள் கிளம்பின. கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை.

அவள் மேசையை ஓங்கி அறைந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் கோபம் அதை வெளியே விடவில்லை. "முளுக் கட்டடமும் சேர்ந்து என் பொளப்புல மண்ணைப் போட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே! உங்களுக்கெல்லாம் நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"நீ போட்டிருக்கிற பொத்தானைத்தானேம்மா தொட்டோம்!"

"எந்தப் பொத்தான்? காட்டுங்க! இப்பவே காட்டுங்க!"

மூன்றாம் மாடி அம்மா விறுவிறுவென்று வந்தார். கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, பெரிய எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"நீயே படிச்சுப் பாரு. 'புகாரை அளி'ன்னுதானே போட்டிருக்கே?"