இரண்டும் இடது கை

தையல் கடை மேசைமேல், வெட்டிவைத்த இரண்டு சட்டைக் கைகளையும் பூப்போட்ட பக்கம் மேலே தெரிய ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறாள் தையல்காரி. அச்சு அசலாகப் பொருந்துகின்றன. பொருந்தித் தொலைக்கக் கூடாது. வந்த வேலையை விடக்கூடாதென்று வாங்கிக் குவித்த அவசரத்தில், துணியை மடிக்காமலே வெட்டியிருக்கிறாள். இரண்டுமே இடது கை. திருப்பித் தைத்தால் பூ உள்ளே போய்விடும். மிச்சத் துணியோ கைக்குட்டைக்குக்கூடக் காணாது. இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் மெல்லக் கேட்கிறான்: "வேற துணி கிடைக்காதா?" "துணி குடுத்த பொண்ணோட அண்ணன் கப்பல் வேலைக்குப் போன இடத்துல வாங்கிட்டு வந்ததுங்க." இஸ்திரிப் பெட்டியின் ஆவி புஸ்ஸென்று எழுந்து அடங்குகிறது. வாசல் வெயிலை மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணே வந்து நிற்கிறாள். "அக்கா, என் சட்டை முடிஞ்சிருச்சா?" தையல்காரி கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவை உருவி, "கையை நீட்டும்மா" என்கிறாள். அவள் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டுகிறாள்.