ஓர் அலகு மணல்

கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. முட்டையிடும் பருவம் வந்தால் ஆலாப் பறவைகள் அங்கே கூடிவிடும். செம்மூக்கன் என்ற ஆலாவுக்கும் பக்கத்துக் குழியில் இருந்த கருங்காலனுக்கும் அந்தப் பருவம் முழுக்க ஓயாத சண்டை.

"குழியைச் சுற்றி என் மூக்கு எட்டும் ஓர் அலகு மணல் என்னுடையது. தள்ளி உட்காருடா!" என்று கத்துவான் செம்மூக்கன்.

"முதலில் உன் வாலை மடக்குடா!" என்பான் கருங்காலன்.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததும் எல்லோரும் திசைக்கொருவராய்ப் பறந்துபோனார்கள். மழைக்காலத்து அலைகள் குழிகளையெல்லாம் துடைத்துப்போட்டன.

அடுத்த பருவத்தில் செம்மூக்கன்தான் முதலில் வந்து இறங்கினான். மொத்தத் திட்டும் அவனுக்கே! தலைகால் புரியவில்லை. இந்தக் கோடியில் குந்தினான், அந்தக் கோடிக்குப் பறந்தான், நடுவில் இறக்கையை விரித்துப் புரண்டான்.

"என்னைக் கேட்க ஆளே இல்லை!" என்று கூவினான்.

மறுபடி கூவியபோது குரல் பாதியாகிவிட்டது.

அந்நேரம் பார்த்து வானத்தில் இரண்டு கறுத்த கால்கள் தெரிந்தன. கருங்காலன்! எதற்கு வம்பு என்று அவன் தூரத்து முனையில் போய் இறங்கினான்.

செம்மூக்கன் விழுந்தடித்து ஓடினான். திட்டின் கடைசிவரை ஓடி, இறக்கையோடு இறக்கை உரச அவன் பக்கத்தில் குந்தினான். மூச்சு வாங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"தள்ளி உட்காருடா!"